ஓர் அறைக்கு ஒரு மருந்து

என் எழுத்து மேசை இருந்த அறையின் வாசலில் ஒரு வாளி நிறைய மணலும், பக்கத்தில் இன்னொரு வாளி நிறையத் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்தன. இரண்டும் சிவப்புப் பெயின்ட் அடித்த வாளிகள். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் வாளியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டு, "உள்ள என்ன செய்யிறீக?" என்று கேட்பார்கள். எழுதுகிறேன் என்று சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிதர் அதை மாடிப்படியின் பாதியிலேயே இறக்கி வைத்துவிட்டு, "இதுக்கு மேல நீங்களே உருட்டிக்கிட்டுப் போயிருங்கம்மா" என்று இறங்கிப் போய்விட்டார். சிவகாசியில் சிவப்பு வாளி என்றால் உள்ளே வெடிமருந்து என்றுதான் அர்த்தம். அந்த வாளிகளைச் சுமந்து வந்து வைத்தவர், கீழ்வீட்டில் குடியிருந்த போர்மேன் அக்கா.

நான் எழுதிப் பிழைப்பவள். எழுத்தாளர் என்று சொன்னால் என்ன கதை, எந்தப் பத்திரிகை என்று கேட்பார்களே என்று பயந்து, "பிரஸ்சுக்கு மேட்டர் எழுதித் தர்றேன்" என்றுதான் சொல்லிக்கொள்வேன். தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நல்வாக்கு வருமே, நீங்கள் படிக்காமலேயே கிழித்துப் போடுவீர்களே, அதை எழுதுவது நான்தான். வருடத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து புத்திமதி. அந்தக் காலண்டரின் பின்னட்டைக்கு ஜோதிடர் ஒருவர் கிறுக்கித் தரும் ராசிபலன் குறிப்பைப் படிக்கிற மாதிரித் தமிழில் எழுதுவதும் நான்தான். ஐந்து வேளை தொழுகிற குடும்பத்துப் பெண் பன்னிரண்டு ராசிக்கும் பலன் எழுதலாமா என்று ஆரம்பத்தில் எனக்கே உறுத்தியது. விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர்தான் தீர்ப்புச் சொன்னார். "வத்தல எடை போடுறவன் அம்புட்டையும் திங்கவா செய்யிறான்? எழுதி அனுப்பு" என்றார். அதோடு உறுத்தல் போய்விட்டது.

இவை போகக் கல்யாண வாழ்த்து மடல், பணி ஓய்வு மடல், பள்ளிக்கூட ஆண்டு மலர், பட்டாசுப் பெட்டியின் முதுகில் வரும் எச்சரிக்கை என்று எது வந்தாலும் எழுதுவேன். வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லும் வாயை அல்லா எனக்குக் கொடுக்கவில்லை. அதிலும் தீபாவளி முடிந்ததும் எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை நடக்கும். பட்டாசு ஆலைகள் எல்லாம் லீவு விட்டு ஓய்ந்து கிடக்கும். அச்சகங்களோ காலண்டர் சீசனில் பேய் பிடித்த மாதிரி ஓடும். பாதி ஊர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மீதி ஊருக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. அந்த வருடம் என் கையில் ஒரே சமயத்தில் ஐந்து ஆர்டர் இருந்தது. காலண்டர் நல்வாக்கு, ராசிபலன், ஒரு மகளிர் பள்ளியின் ஆண்டு மலர், மூன்று வாழ்த்து மடல், அப்புறம் வத்தல் முதலாளியின் வாழ்க்கை வரலாறு.

வத்தல் முதலாளி என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர். தொழிலை மகன்களிடம் விட்டுவிட்டு, இனி வரலாற்றில் இடம்பெறுவது ஒன்றுதான் பாக்கி என்று உட்கார்ந்திருந்தவர். போனில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அவருடைய வாழ்க்கையில் எல்லாச் சம்பவங்களுக்கும் அந்த வருடத்து வத்தல் விலைதான் அடையாளம். நான் எழுதுவதெல்லாம் கையால்தான், அதுவும் அச்சகத்தில் வெட்டி ஒதுக்கும் துண்டுத்தாளில். அச்சக மேனேஜர் அண்ணாச்சி கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புவார். ஒரே அளவு, ஒரே வெள்ளை. புத்திமதியும் ராசிபலனும் முதலாளியும் ஒரே மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பார்கள். நடக்கக் கூடாதது அதில்தான் நடந்தது. பள்ளி ஆண்டு மலரின் முதல் பக்கத்தில், கைகூப்பிச் சிரிக்கும் தலைமையாசிரியை அம்மாவின் படத்துக்குக் கீழே, அவருடைய வாழ்த்துச் செய்தி இப்படித் தொடங்கி அச்சாகிவிட்டது: "என் முதல் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போன வருடம்தான் வத்தல் விலை கண்டபடி ஏறியது. அந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்க முடியவில்லை."

தலைமையாசிரியை புரூபில் கையெழுத்துப் போட்டிருந்தார். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம். மலர் முழுக்க அந்தப் பக்கத்தில் வேறு தாள் ஒட்ட வேண்டியிருந்தது. மேனேஜர் அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை; "ஏம்மா, அந்தம்மாவுக்கு ரெண்டாம் தாரம் எப்பம்மா வந்தது, அதையாவது சொல்லு" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதேசமயம் வத்தல் முதலாளிக்குப் போன புரூபில் ஓர் அத்தியாயம் "அன்பு மாணவச் செல்வங்களே" என்று தொடங்கியது. அவர் மட்டும் ரொம்பச் சந்தோஷப்பட்டார். "என்னைய வாத்தியாராவே ஆக்கிட்டியேத்தா" என்றார்.

அன்றைக்கு நான் மேசையின்மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தபோதுதான் போர்மேன் அக்கா மாடியேறி வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்பா அம்மா காலத்தில் கூலிக்கு வயல்காட்டு வேலை பார்த்த குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தீப்பெட்டிக்குப் போய், அங்கிருந்து பட்டாசுக்குப் போய், இருபது வருடத்தில் ஓர் ஆலையின் எல்லா அறைகளும் தெரிந்தவராகிவிட்டார். காகிதத்தில் அந்த ஆலைக்கு வேறொரு போர்மேன் இருந்தார். அவர் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு வெடிமருந்து, யார் தலைவலியை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பார்த்தது இவர்தான். அதனால் ஊரே இவரைத்தான் போர்மேன் என்றது. என்னை அவர் ரைட்டரம்மா என்பார். ஆலை லீவில் இருந்ததால் அந்த நாட்களில் சும்மா இருக்க முடியாமல் கீழ்வீட்டைத் தினமும் இரண்டு தடவை கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அக்கா முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேசையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆத்தீ! என்ன ரைட்டரம்மா இது, கந்தகத்தையும் வெடியுப்பையும் ஒரே சாக்குல கட்டி வச்சிருக்கீக? எங்க ஆபீஸ்ல இப்பிடி வச்சிருந்தா இந்நேரம் கூரை பக்கத்து ஊர்ல கெடக்கும்."

எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மறுநாள் காலையில் என் வீடு ஆபீஸ் ஆகிவிட்டது. அக்காவின் முதல் சட்டம், ஒரு ரூமுக்கு ஒரு மருந்துதான். முன்னறை காலண்டருக்கு, சமையலறை வத்தல் முதலாளிக்கு, மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி நிழல் வாழ்த்து மடல்களுக்கு. ஓர் அறையின் தாள் இன்னோர் அறைக்குப் போகக் கூடாது. அறை மாறும்போது கையைக் கழுவ வேண்டும். "எதுக்குக்கா கை கழுவணும்? நான் எழுதத்தானே போறேன்" என்று கேட்டேன். "கையக் களுவுங்க, தன்னால மண்டையும் களுவிரும்" என்றார். நான் கேலியாகத்தான் கழுவினேன். ஆனால் குழாயடியில் நின்ற அந்த நேரத்தில் முதலாளியின் முதல் மனைவி நிஜமாகவே என் தலையைவிட்டு இறங்கிப் போனார். அந்த அதிசயத்தை நான் அக்காவிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாவது சட்டம், கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அதனால் காலையில் அறைக்கு இத்தனை தாள் என்று எண்ணிக் கொடுப்பார். ஒரு தாள் கூடக் கேட்டாலும் கிடைக்காது. மூன்றாவதாக, வாசலில் சோதனை. ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி, செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதேபோல என் போனையும் வாசலில் ஒரு மஞ்சள் பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வத்தல் முதலாளி கதை சொல்லும் நேரத்துக்கு மட்டும் அக்காவே எடுத்துக் கொடுப்பார். முதல் நாள் என் மடியைத் தட்டிப் பார்த்துத்தான் அனுப்பினார். என் சொந்த வீட்டில், என் சொந்தச் சமையலறைக்கு. வெயில் ஏறுவதற்குள் கடினமான வேலையை முடித்துவிட வேண்டும் என்று நான்காவதாக ஒரு சட்டம் இருந்தது. மருந்துக்கு வெயில் ஆகாதாம். ராசிபலனுக்கும் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மத்தியானத்தில் எழுதிய ராசிக்காரர்கள் எல்லோருக்கும் நான் கஷ்டகாலமாகவே எழுதியிருந்தேன்.

போன் வந்தால் அக்காதான் எடுப்பார். காலண்டர் என்னாச்சு என்று மேனேஜர் அண்ணாச்சி கேட்டபோது, "அவுக மருந்து ரூம்ல இருக்காக. இப்ப வெளிய வரக்கூடாது" என்று சொல்லி வைத்துவிட்டார். அண்ணாச்சி அரண்டுபோய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "பாய், தங்கச்சிக்கு உடம்புக்கு என்ன? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறி ஓடி வந்தார். நானோ அப்போது மொட்டைமாடியில் தொட்டி நிழலில் உட்கார்ந்து, மணமகளைப் பற்றி எட்டு வரி எழுதிக்கொண்டிருந்தேன். அவரையும் மேலே விடவில்லை. "சட்டைப்பையில என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாராம்.

நம்புங்கள், என் வாழ்நாளில் முதல்முறையாகச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வேலை கொடுக்க ஆரம்பித்தேன். வைகாசி வரைக்கும் புத்திமதி தயார். கையில் தாளை வாங்கிய மேனேஜர் அண்ணாச்சி, இது உண்மையிலேயே நான் எழுதியதுதானா என்று என்னையே கேட்டார். எனக்கோ தலைகால் புரியவில்லை. அந்தத் தைரியத்தில் இன்னும் ஓர் ஆர்டரை வாங்கிப்போட்டேன். அக்கா முறைத்தார், ஆனாலும் படிக்கட்டுத் திருப்பத்தை நான்காவது அறையாக்கிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் ஒரு காலையில்தான் அவர் தன் விஷயத்தைச் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தப் போர்மேன் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். இனி சர்டிபிகேட் இருப்பவர்தான் போர்மேன் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மார்கழி முதல் வாரம் அதற்கான அரசாங்கப் பரீட்சை. பாஸாகி வந்தால் காகிதத்திலும் அக்காதான் போர்மேன். இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள், அக்கா பழையபடி திரி வெட்டுகிற இடத்துக்குப் போய் உட்கார வேண்டியதுதான்.

"என்னென்ன கேள்வி வரும்னு முன்னாலயே குடுத்துட்டாக. எல்லாம் நான் தெனமும் செய்யிறதுதான். கை தன்னால செய்யும் ரைட்டரம்மா. எளுதச் சொன்னா பேனா நவுர மாட்டேங்குது. நீங்க பதில எளுதிக் குடுத்தீகன்னா மனப்பாடம் பண்ணிப் போயி எளுதிருவேன்."

"இது ஒரு நாள் வேலைக்கா" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அக்கா சுற்றிப் பார்த்தார். முன்னறை, சமையலறை, மொட்டைமாடி, படிக்கட்டு எல்லாவற்றிலும் ஒவ்வொரு மருந்து இருந்தது. "நம்ம வேலைக்கு ரூமு இல்லையே. சரி, மொதல்ல ஆர்டர முடிங்க" என்று அவரே சொன்னார். நானும் சரி என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிற இடம் இதுதான். என் வீட்டை நான்கு அறை ஆலையாக்கி, என் மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்த மனுஷிக்கு ஓர் இடம் ஒதுக்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் தாளை எண்ணிக் கொடுக்கும்போது, "நம்ம வேலை?" என்பார். "நாளைக்குக்கா" என்பேன். அவர் அடுத்த அறைக்குத் தாள் எண்ணப் போய்விடுவார்.

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை அக்கா ஒரு காதுகுத்துக்காக மல்லாங்கிணறு போயிருந்தார். வீட்டில் போர்மேன் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது எனக்கு. ஜோதிடரின் கடைசி நான்கு ராசியும் அன்றைக்குத்தான் கேட்டிருந்தார்கள். முன்னறை மேசையிலேயே, தனுசு ராசிக்குப் பக்கத்திலேயே, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கையும் கழுவாமல் அக்காவின் பதில்களை எழுத ஆரம்பித்தேன். அவருடைய சட்டங்களை ஒன்றுவிடாமல் மீறி அவருக்கான வேலையைச் செய்தேன். எழுத்து மட்டும் ஜோராக ஓடியது. உராய்வின் தீமை, நிலைமின்சாரம், செம்புக் கரண்டியின் அவசியம் எல்லாம் மேடைப்பேச்சு மாதிரி வந்து விழுந்தன. எட்டுத் தாள். அடுக்கி, மூலையில் ஊசி குத்தி, சாயங்காலம் அக்கா வந்ததும் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள்களோடு மாடியேறி வந்தார். நான் போனில் வத்தல் முதலாளியோடு இருந்தேன். இரண்டாவது கல்யாணம் நடந்துகொண்டிருந்தது, வத்தல் விலை இறங்கிக்கொண்டிருந்தது. "ரைட்டரம்மா, இந்த ஏளாவது தாளு..." என்று அக்கா ஆரம்பித்தார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அப்படியே எழுதுங்கக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்றேன். தாளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

எழுத்துப் பரீட்சையும் நேர்முகக் கேள்வியும் ஒரே நாளில். திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா நல்ல சேலை கசங்க மேலே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"ரெண்டு ஆபீசருக இருந்தாக. என் பேப்பரக் கையில வச்சிருந்தாக. பெரியவரு சத்தமா வாசிச்சாரு. 'தீப்பொறி கண்டவுடன் எதிலும் அவசரம் வேண்டாம். பெரியோர்களைக் கலந்து ஆலோசித்தபின் முடிவெடுப்பது நலம். வடக்குத் திசைப் பயணம் அனுகூலம். குலதெய்வ வழிபாடு மனநிம்மதி தரும்.'"

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆறாம் தாளின் கடைசி வரி "தீப்பொறி கண்டவுடன்" என்று முடிந்திருந்தது. ஏழாம் தாளாக ஊசி குத்தியிருந்தது தனுசு ராசி.

"சின்னவரு சிரிச்சுட்டாரு. பெரியவரு சிரிக்கல. 'ஏம்மா, தீப்பிடிச்சா வடக்க எதுக்குப் போகணும்?'னாரு. எங்க ரூமுக்கு வடக்க ஒரு வாசல் இருக்குங்கய்யா, அதத்தான் எளுதியிருக்குன்னேன்."

"பெரியோர்னு இருக்கே, அது யாருன்னு கேக்கலையா?"

"கேட்டாரு. போர்மேனுன்னு சொல்லிட்டேன்."

"குலதெய்வம்?"

"அதுக்குத்தான் ஒண்ணும் தோணல ரைட்டரம்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பாவி, அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தார். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயால் சொன்ன பதில் எல்லாம் சரி என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டதையும், எழுத்தில் மார்க் குறைந்ததால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னதையும், அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம் ஆகும் என்பதையும் சொன்னார். சிரித்த வாய் எனக்கு அப்படியே கோணிக்கொண்டு நின்றது.

"அக்கா, இருபது வருஷமா அந்த வேலை பாக்குறீக. இது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன் எழுதுனீக?"

"தெரியாம என்ன? அதான மாடியேறி வந்து கேட்டேன். சரியாத்தான் இருக்கும்னீக. நீங்க எளுதுனதாச்சே, ஏதோ காரணம் இல்லாமயா எளுதுவீகன்னு நெனச்சேன்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். என் எழுத்தை அதுவரை யாரும் அப்படி நம்பியதில்லை. முன்னூற்று அறுபத்தைந்து நாளும் ஊருக்கே புத்தி சொல்லும் என்னை அன்றைக்குச் செருப்பால் அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "அடுத்த தடவை நான் பக்கத்தில உக்காந்து எழுதித் தர்றேன்க்கா" என்று அழுதேன். "அளாதீக. ஆபீஸ் தெறந்துருச்சு, வாளிய நாளைக்குக் குடுக்கணும்" என்று சொல்லி, மணலையும் தண்ணீரையும் தொட்டிச் செடியில் கொட்டிவிட்டு இரண்டு வாளியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அந்த வருடம் முழுக்க அவர் திரி வெட்டினார். புதிதாக வந்த போர்மேனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்ததாம். "அக்கா, இத எங்கன வைக்க? அத யாரு அள்ள?" என்று நாளெல்லாம் அவரிடம்தான் வந்து நிற்பானாம். இவர் சொல்ல, அவன் கையெழுத்துப் போட. கீழ்வீட்டிலிருந்து அவர் இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் நான் மேலே பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். புதிதாக வந்த மூன்று ஆர்டரை வேண்டாம் என்று சொன்னேன். இல்லாத வாய் அப்போதுதான் முளைத்தது. மேனேஜர் அண்ணாச்சி மறுபடியும் என் வீட்டுக்காரரிடம் ஆஸ்பத்திரி விசாரித்தார்.

அடுத்த மார்கழிக்கு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏனம் கழுவும்போது அவர் பதில் சொல்லிப் பழகுவது மாடிக்குக் கேட்கும். எல்லாம் அவர் பேச்சிலேயே இருந்தது. "செம்புக் கரண்டிதான் வைக்கணும், இரும்புன்னா ஒரசுனா பொறி வரும்" என்று. இறங்கிப் போய் இரண்டு சொல்லை மட்டும் திருத்தலாமா என்று கை துறுதுறுத்தது. போகவில்லை. பரீட்சை முடிந்து ஒரு வாரம் கழித்து அரைக்கிலோ காராச்சேவுடன் படியேறி வந்தார். பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, "பாஸு" என்றார். நான் கட்டிக்கொண்டு அழுததில் பொட்டலம் நொறுங்கிப் பாதி தூளாகிவிட்டது. தூளையும் இருவரும் விடாமல் தின்றோம்.

இப்போது அவர் வேறொரு புது ஆலையில் போர்மேன். வீட்டையும் அந்தப் பக்கமே மாற்றிக்கொண்டு போய்விட்டார். நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். இப்போது எழுதுவதெல்லாம் கணினியில். திரையில் பதினைந்து சன்னல் திறந்து கிடக்கிறது. எதற்கும் கை கழுவுவதில்லை. போன மாதம் அக்காவிடமிருந்து போன் வந்தது. புது ஆலையில் ஒவ்வொரு அறைச் சுவரிலும் பாதுகாப்பு விதிகளை எழுதப் போகிறார்களாம். நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று ஆலை முதலாளி ஆசைப்படுகிறாராம், வர முடியுமா என்று கேட்டார். இருக்கிற வேலையை எல்லாம் போட்டுவிட்டு மறுநாளே பதினோரு வரி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கேட்டில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பெயின்டர் ஏணிமேல் தயாராக நின்றார். நான் வாசித்தேன். உள்ளபடிக்கே நன்றாக எழுதியிருந்தேன். அக்கா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்கு ரைட்டரம்மா. அத மடிச்சு உள்ள வைங்க. இப்ப நான் சொல்றத எளுதுங்க" என்றார். பேனாவை எடுத்தேன்.

"பொறியப் பாத்தா ஓடு. ஒண்ணையும் எடுக்காத. கத்திக்கிட்டே ஓடு."

பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, 'தீப்பொறி கண்டால்'னு மட்டும் மாத்திக்கவா? கேக்க நல்லா இருக்கும்."

"வேணாம். நீங்க அளகா எளுதுவீக. அளகா இருந்தா பிள்ளைக நின்னு வாசிக்கும். இங்கன நிக்கக் கூடாது."

ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "சரியாக்கா?" என்று கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போனேன்.